ஏரிச் சேற்றில் ஒரு பீர் பாட்டில், ஷெட்டில் ஒரு உருட்டு இயந்திரம்

மினிடோங்கா ஏரியிலிருந்து போன இலையுதிர் காலத்தில் எடுத்த பழுப்பு நிற பீர் பாட்டில் ஒருவழியாகத் தெளிந்துவிட்டது. எடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. துலக்கத்தான் குளிர்காலம் முழுக்கப் போயிற்று. ஏரியில் பழைய பாட்டில் தேடுகிறவர்கள் தண்ணீருக்கு அடியில் நடப்பதையே பேசுகிறார்கள். எனக்கு அது சுலபமான பாதி. கஷ்டமான பாதி வாளியிலும் மோட்டாரிலும் இருந்தது. இரண்டையும் வரிசையாக எழுதுகிறேன். பாட்டிலை உருட்டித் தேய்க்கும் இயந்திரத்தின் அளவுகள் மட்டும் வேண்டுபவர்கள் கீழே போய்விடலாம்.

முதலில் இடம். மினிடோங்கா, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மினியாபோலிஸ் நகருக்கு மேற்கே இருக்கிறது. சுமார் 14,500 ஏக்கர், மிக ஆழமான இடத்தில் 113 அடி. ஒரே ஏரி என்று சொல்கிறார்களே தவிர, விரிகுடா விரிகுடாவாகக் கிளை பிரிந்து கிடக்கும். 1880களில் இது பணக்காரர்களின் கோடை வாசஸ்தலம். ரயில் அதிபர் ஜேம்ஸ் ஹில் 1882-ல் கட்டிய லஃபாயெட் ஹோட்டல் இதன் கரையில்தான் இருந்தது. 1897-ல் எரிந்துபோயிற்று. அதே 1882-ல் 'பெல் ஆஃப் மினிடோங்கா' என்று 300 அடி நீள நீராவிக் கப்பல் ஒன்றும் ஓடத் தொடங்கியது. அப்புறம் 1906-ல் டிராம் கம்பெனி விட்ட மஞ்சள் நிறப் படகுகள் வந்தன. 1926-ல் அவை ஓய்ந்ததும் சிலவற்றைப் பிக் ஐலண்ட் தீவுக்கு வடக்கே ஏரியிலேயே மூழ்கடித்துவிட்டார்கள். அவற்றில் ஒன்றான 'மினஹாஹா'வை 1980-ல் மேலே தூக்கி, பழுதுபார்த்து, 1996-ல் மறுபடி ஓடவிட்டார்கள்.

இந்த வரலாறு பாட்டில் தேடுகிறவனுக்கு எதற்கு? கப்பல் நின்ற இடத்தில் ஆள் நின்றிருப்பான், ஆள் நின்ற இடத்தில் குடித்திருப்பான், குடித்ததைத் தண்ணீரில் போட்டிருப்பான். அவ்வளவுதான் கணக்கு. ஏரி முழுக்க நீந்திப் பார்ப்பது வீண் வேலை. பழைய புகைப்படங்களில் படகுத்துறை எங்கே முடிகிறது என்று பார்த்து, இயற்கை வளத்துறையின் ஆழ வரைபடத்தை அதன் மேல் வைத்து, 12 முதல் 20 அடி ஆழம் வரும் ஒரு பட்டையைத் தேர்ந்தெடுத்தேன். அதைவிட ஆழம் குறைந்தால் குளிர்காலப் பனிக்கட்டியும் படகுகளின் விசிறியும் எல்லாவற்றையும் உடைத்திருக்கும். ஆழம் கூடினால் வெளிச்சம் இல்லை. எந்த விரிகுடா என்று சொல்ல மாட்டேன், மன்னிக்கவும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படித்துவிட்டு யாராவது மண்வெட்டியோடு இறங்கிவிடக் கூடாது. மினசோட்டாவில் அரசு நிலத்திலும் நீரிலும் தொல்லியல் அகழ்வு செய்ய உரிமம் வேண்டும், 1963-லிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது. மூழ்கிய படகுகள் பக்கம் நான் போவதே இல்லை. தோண்டும் கருவி எதுவும் கொண்டுபோவதில்லை, மேலாகக் கிடப்பதை மட்டும் கையால் எடுக்கிறேன். இறங்கும்போது சிவப்பில் வெள்ளைக் குறுக்குப் பட்டை போட்ட கொடியை மிதவையில் பறக்கவிட வேண்டும். கொடியிலிருந்து 50 அடிக்குள் நாம் இருக்க வேண்டும், 150 அடிக்குள் படகுகள் வரக் கூடாது. இரண்டாவது விதியைக் கோடையில் யாரும் மதிப்பதில்லை. அதனால் அக்டோபரில் போவேன். படகுகள் பாதிக்கு மேல் கரையேறியிருக்கும். கோடைப் பாசியும் அடங்கி, நாலைந்து அடி தூரம் கண்ணுக்குத் தெரியும்.

உடன் இறங்குபவர் பக்கத்து வீட்டுக்காரர், குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தனியாக இறங்குவதில்லை என்பதில் இருவரும் உறுதி. பழைய துறைகளின் அடியில் தூண்டில் நரம்பு வலை மாதிரி கிடக்கும். காலில் சுற்றிக்கொண்டால் வெட்டிவிட இன்னொரு ஆள் வேண்டும். கத்தியைவிட மருத்துவக் கத்தரிக்கோல் நல்லது, குளிரில் விறைத்த கையாலும் வெட்டலாம். 7 மில்லிமீட்டர் தடிமனில் முக்குளிப்பு உடுப்பு, தலைமூடி, வெட்டுத் தாங்கும் கையுறை, வலைப் பை, டார்ச். 80 கன அடி காற்று டேங்க் இந்த ஆழத்தில் எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வரும். இடுப்பு எடையில் மட்டும் வழக்கத்தைவிட 2 பவுண்டு கூட்டிக்கொள்வேன். தரையோடு படிந்து வேலை செய்ய வேண்டும், மிதந்துகொண்டிருந்தால் காலில் மாட்டிய துடுப்பு பட்டுச் சேறு கிளம்பிவிடும். ஒரு தடவை கிளம்பினால் அந்த இடம் அன்றைக்கு அவ்வளவுதான். காலை அசைக்காமல், விரல் நுனியால் தரையைப் பற்றி முன்னால் இழுத்துப் போக வேண்டும். நீரோட்டம் முகத்துக்கு நேரே வரும்படி போனால், கலங்கிய சேறு நமக்குப் பின்னால் போய்விடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குக் கைகொடுத்தது ஒரு வேண்டாத விருந்தாளி. வரிக்குதிரைச் சிப்பி என்று விரல் நகம் அளவுச் சிப்பி, 2010-ல் இந்த ஏரிக்குள் வந்துவிட்டது. ஏரிக்கே கேடு. ஆனால் இது கெட்டியான பொருளில் மட்டும்தான் ஒட்டும், சேற்றில் ஒட்டாது. அப்படியென்றால் சேற்றுத் தரையில் எங்கே சிப்பிக் கொத்து தெரிகிறதோ, அங்கே அடியில் ஏதோ கெட்டிப் பொருள் இருக்கிறது. பெரும்பாலும் கல். சில சமயம் செத்த உள்ளூர்ச் சிப்பி. அலுமினிய டப்பா நிறைய. எப்போதாவது, கொத்து கொஞ்சம் நீளமாக, ஒரு முனை சிறுத்துத் தெரிந்தால், அது பாட்டில் கழுத்து. அந்த பீர் பாட்டிலும் அப்படித்தான் கிடைத்தது. மேல் பக்கம் சிப்பி, சேற்றுக்குள் புதைந்த பக்கம் சுத்தம். கையை நுழைத்து மெல்ல ஆட்டினால் சேறு தானாக விட்டுக்கொடுக்கும். பிடுங்கக் கூடாது, கழுத்து மட்டும் கையோடு வரும்.

மேலே வந்ததும் கரையிலேயே சிப்பிகளை எல்லாம் சுரண்டிவிட வேண்டும். ஒட்டிய சிப்பியோடு வண்டியில் ஏற்றிச் சாலையில் போனால் இங்கே குற்றம். பெயின்ட் கலக்கும் மரக்குச்சி போதும், இரும்புச் சுரண்டி கண்ணாடியைக் கீறிவிடும்.

சுரண்டும்போதே தரம் பிரிப்பதும் நடக்கும். கட்டைவிரலைப் பாட்டிலின் பக்கவாட்டில் வைத்து, அச்சு இணைந்த கோட்டின் மேல் அடியிலிருந்து வாய் வரை ஓட்டிப் பார்ப்பேன். கோடு வாயின் விளிம்பையும் தாண்டி மேலே போனால் இயந்திரத்தில் செய்தது. மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் 1903-ல் வந்தது, அப்புறம் வாயால் கண்ணாடி ஊதுகிறவர்களின் வேலை படிப்படியாகப் போய்விட்டது. கோடு கழுத்திலேயே மறைந்து, வாய் தனியாக உருட்டி வைத்த மாதிரி வழவழவென்று இருந்தால் கையால் முடித்தது, பெரும்பாலும் 1910-க்கு முந்தியது. அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்சதுரமும் நீள்வட்டமும் நடுவில் ஒரு கோடும் இருந்தால் ஓவன்ஸ்-இல்லினாய் கம்பெனி, 1929-க்குப் பிந்தியது. சாராய பாட்டிலின் தோளில் 'இதை மறுபடி விற்பதையும் பயன்படுத்துவதையும் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது' என்ற வாசகம் இருந்தால் 1935-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. இந்த வாசகத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும், ஏரியில் பாதி பாட்டில் இதுதான். அவையெல்லாம் நேராக மறுசுழற்சித் தொட்டிக்குப் போய்விடும்.

நம் பாட்டிலில் கோடு கழுத்தோடு நின்றது. வாய் குண்டாக, மோதிரம் போல. தோளில் புடைத்த எழுத்தில் மினியாபோலிஸ் ப்ரூயிங் கம்பெனி என்றிருந்தது. நாலு மதுவடிப்பாளர்கள் 1890-ல் ஒன்று சேர்ந்து, 1893-ல் இந்தப் பெயருக்கு வந்தார்கள். எனவே 1893-க்கும் 1910 வாக்குக்கும் நடுவே. நால்வரில் ஒருவரான ஃப்ரெடெரிக் நோரென்பெர்க் இதே ஏரியின் கிரிஸ்டல் விரிகுடாவில் வீடு கட்டி வாழ்ந்தவர், அவருடைய தோட்டம் இன்று பொதுப் பூங்கா. முதலாளி வீட்டுத் தண்ணீரிலேயே காலி பாட்டிலைப் போட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு இன்னொன்றும் கிடைத்தது, ஹட்சின்சன் சோடா பாட்டில். இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். கோலி சோடாவுக்கு ஹைரம் காட் லண்டனில் 1872-ல் உரிமம் வாங்கினார். உள்ளிருக்கும் வாயு கோலியை ரப்பர் வளையத்தின் மேல் அழுத்தி வாயை அடைக்கும். சிகாகோவில் சார்ல்ஸ் ஹட்சின்சன் 1879-ல் அதே வேலையைக் கோலி இல்லாமல் செய்தார். ஒரு கம்பி வளையம், அதன் அடியில் ரப்பர் தட்டு. வாயு தட்டை மேலே தள்ளி அடைக்கும், கம்பியை ஒரு குத்து குத்தினால் உள்ளே இறங்கித் திறக்கும். கம்பி உள்ளேயே இருக்கும். நூறு வருடம் தண்ணீரில் கிடந்தால் அந்தக் கம்பி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிரச்சினைக்குக் கடைசியில் வருகிறேன்.

இனி துலக்குவது. வீட்டுக்கு வந்ததும் பாட்டிலை ஏரித் தண்ணீரோடு வாளியில் போட்டு வைத்தேன். சேறு காய்ந்துவிட்டால் உள் மூலையில் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். ஒரு வாரம் ஊறியதும் பாத்திர சோப்பு, வளைந்த கம்பித் தூரிகை. சுண்ணாம்புப் படலத்துக்கு வெள்ளை வினிகர், துருக்கறைக்கு ஆக்சாலிக் ஆசிட், சூடான தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி. ஆக்சாலிக் விஷம், கையுறை இல்லாமல் தொடக் கூடாது, சமையல் பாத்திரத்தில் கலக்கக் கூடாது. இரண்டு கறையும் போயின. தண்ணீரிலிருந்து எடுத்தபோது பாட்டில் தேன் நிறத்தில் மின்னியது. துடைத்து ஜன்னலில் வைத்தேன். காய்ந்ததும் மோர் ஊற்றிக் கழுவாமல் விட்டதுபோல வெளுத்துப்போயிற்று.

அழுக்கு என்றே நினைத்து மறுபடி கழுவினேன், ஈரத்தில் தெளிந்தது, காய்ந்ததும் வெளுத்தது. ஆசிடைக் கூட்டினேன், கடைசியில் நீச்சல் குளத்துக்குப் போடும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வரை போனேன், ஒன்றும் அசையவில்லை. ஏனென்றால் அது கண்ணாடியின் மேல் படிந்த எதுவும் இல்லை, கண்ணாடியே. கண்ணாடியில் இருக்கும் சோடியத்தைத் தண்ணீர் பல பத்தாண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவிடுகிறது. மிச்சமிருக்கும் தோல் பொறுக்கோடி ஒளியைச் சிதறடிக்கிறது. ஈரமாக இருக்கும்போது அந்தப் பொறுக்குகளின் இடுக்கில் தண்ணீர் நிறைந்து மறைத்துவிடும். இங்கே இதை நோய் பிடித்த கண்ணாடி என்கிறார்கள். மருந்து ஒன்றுதான்: அந்தத் தோலைத் தேய்த்து எடுப்பது. (சந்தையில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. உள்ளே எண்ணெய் தடவி இந்த வெண்மையை மறைத்து விற்பவர்கள் உண்டு. விரலை உள்ளே விட்டுப் பாருங்கள்.)

ஆற்று மணலைப் போட்டுக் குலுக்கிப் பார்த்தேன். வேண்டாம். மணல் கண்ணாடியைவிடக் கெட்டி, உள்ளே கீறல் வலை பின்னிவிட்டது. அது பரிசோதனைக்கு வைத்திருந்த சாதாரண மருந்து பாட்டில் என்பதால் தப்பித்தேன். பாட்டில் சேகரிப்பவர்கள் பயன்படுத்துவது செம்புத் துண்டு. செம்பு கண்ணாடியைவிட மென்மை, தானாகக் கீறாது. தேய்ப்பது கூடப் போடும் பொடி, செம்பு அந்தப் பொடியை எல்லா மூலைக்கும் சுமந்துபோகிறது. வீட்டு மின்கம்பியை உரித்து, 14 கேஜ் தடிமனுள்ள கம்பியை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீளத்துக்குத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். 5 பவுண்டு வெட்டினேன். டிவி முன்னால் உட்கார்ந்து ராத்திரி ராத்திரியாக வெட்டியதைப் பார்த்து, வீடியோ அழைப்பில் அம்மா, "ஏரியில குப்பை பொறுக்கத்தான் அமெரிக்கா போனியாடா?" என்றார். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இயந்திரம் இதுதான். ஒரு பலகை, அதன் மேல் அரை அங்குல இரும்புத் தண்டு இரண்டு, நாலு பேரிங்கில். தண்டுகளுக்கு ரப்பர் குழாய் மாட்டியதும் விட்டம் எட்டில் ஏழு பங்கு அங்குலம் ஆகிறது. அவற்றின் மேல் 4 அங்குல பிவிசி குழாய், வெளி விட்டம் நாலரை அங்குலம், இரு முனையிலும் ரப்பர் மூடி. பாட்டிலைக் குழாயின் நடுவில் அசையாமல் நிறுத்த இரண்டு முனையிலும் ரப்பர் வட்டுகள். பாட்டிலுக்குள் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் செம்பு, வெளியே குழாய்க்குள்ளும் கொஞ்சம் செம்பு. தண்ணீர், பொடி. மோட்டார் பழைய துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து கழற்றியது, நிமிடத்துக்கு 1725 சுற்று.

வேகத்தில்தான் தடுமாறினேன். மோட்டாரில் ஒன்றரை அங்குலப் புல்லி, தண்டில் 6 அங்குலப் புல்லி போட்டபோது குழாய் நிமிடத்துக்கு 84 சுற்று சுற்றியது. செம்பு சரியாமல் மேலே ஏறி விழுந்தது, ஷெட்டுக்கு வெளியே வரை டக் டக் சத்தம். பரிசோதனை பாட்டிலின் வாயில் ஒரு சில்லு போயிற்று. 12 அங்குலப் புல்லிக்கு மாற்றியதும் வேகம் சரிபாதி, 42. இப்போது சத்தம் சரசரவென்று, மழை பெய்வது மாதிரி ஒரே சீராக இருக்கிறது. அந்தச் சத்தம் வந்தால் வேகம் சரி என்று அர்த்தம்.

செலவு: மோட்டார் சும்மா கிடைத்தது. பெரிய புல்லி 22 டாலர், சின்னது 7, பெல்ட் 11, பேரிங் நாலும் 28, தண்டுகள் 18, ரப்பர் குழாய் 6, பலகை 15, பிவிசி குழாய் 12, மூடிகள் 14, பொடிகள் 32, செம்புக் கம்பி பழைய சாமான் கடையில் 25. மொத்தம் 190 டாலர். வீணாய்ப் போன 6 அங்குலப் புல்லியை இதில் சேர்க்கவில்லை.

உருட்டுவதற்கு முன் பாட்டிலை டார்ச் வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பிறை வடிவில் மின்னும் உள்காயம் இருந்தால் உருட்டக் கூடாது, விரிசல் ஓடிவிடும். காயம் இல்லை. முதல் கட்டம், 1000 நம்பர் சிலிக்கன் கார்பைடு பொடி இரண்டு மேசைக்கரண்டி, மூன்று நாள் இடைவிடாமல். தினம் ஒரு தடவை நிறுத்தி மூடியைத் தளர்த்தி, கசிகிறதா என்று பார்த்தேன். திறந்தபோது உள்ளே சாம்பல் நிறக் குழம்பு. கழுவினால் பாட்டில் முழுக்க ஒரே சீரான மங்கல், மணல் ஊதிய கண்ணாடி மாதிரி. அடி ஓரத்தில் மட்டும் பழைய வெண்மை திட்டாக நின்றது. இன்னும் இரண்டு நாள் ஓட்டினேன், போய்விட்டது.

இரண்டாம் கட்டம் மெருகு. அலுமினியம் ஆக்சைடு பொடி, நாலு நாள். இதற்குத் தனிச் செம்பு வேண்டும். முதல் கட்டச் செம்பை எவ்வளவு கழுவினாலும் ஒன்றிரண்டு கார்பைடு துகள் ஒட்டிக்கொண்டு மெருகைக் கெடுக்கும். ஆகவே 5 பவுண்டைப் பாதியாகப் பிரித்து இரண்டு டப்பாவில் பேர் எழுதி வைத்திருக்கிறேன். பாதியாக்கியதால் செம்பு போதவில்லை, உருளும்போது எடை குறைந்து நாள் கூடியது. 8 பவுண்டு இருந்தால்தான் சரியாக இருக்கும். குழம்பைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், குழாயில் கல்லாக உறைந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் இதைச் சொல்லும்போது முகத்தில் தெரிந்த கலவரம் தொழில் அனுபவம். தட்டில் ஊற்றிக் காயவைத்துப் பொட்டலம் கட்டிக் குப்பையில் போடுகிறேன்.

இப்போது பாட்டில் காய்ந்த பிறகும் தேன் நிறம்தான். குறை என்றால் தோள் எழுத்துகளின் விளிம்பு லேசாக மழுங்கிவிட்டது. வெளிப்புறம் செம்பைக் குறைத்திருக்கலாம், நோய் முக்கியமாக உள்ளேதான் இருந்தது. விலை? இந்த ரகம் அரிதில்லை. டேங்க் நிரப்பியது, பெட்ரோல், பொடி எல்லாம் கணக்குப் போட்டால் சந்தையில் ஒன்று வாங்குவது மலிவு. வருமானத்துக்காக இதில் இறங்க நினைப்பவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்த தடவை மாற்றப் போகிறவை: வேகம் குறைந்த கியர் மோட்டார் ஒன்று வாங்கிவிட்டால் அந்த ராட்சதப் புல்லியும் பெல்ட்டும் தேவையில்லை, இடமும் மிச்சம். இன்னும் கரடான 600 நம்பர் பொடியில் தொடங்கி 1000-க்குப் போனால் முதல் கட்டம் சீக்கிரம் முடியும் என்று தோன்றுகிறது. ஏரிக்கு அக்டோபரில் மட்டும் போகாமல், ஏப்ரல் நடுவில் பனிக்கட்டி உருகியதும் ஒரு தடவை இறங்கிப் பார்க்க வேண்டும். பாசி முளைக்கும் முன் தண்ணீர் இன்னும் தெளிவாக இருக்கும் என்கிறார்கள், குளிரைத் தாங்குவது என் பாடு.

ஹட்சின்சன் பாட்டில் இன்னும் வாளியில்தான் இருக்கிறது. ஆக்சாலிக் ஆசிடில் துரு பாதி கரைந்துவிட்டது, கம்பி வளையம் கழுத்தில் ஒட்டியபடியே நிற்கிறது. கம்பி உள்ளே இருக்கும்போது செம்பு போட்டு உருட்டினால் அது ஒடிந்து கண்ணாடியைக் குத்தும். கம்பியை இழுத்து எடுத்துவிட்டால் உருட்டலாம், ஆனால் மூடியோடு கிடைத்த பாட்டில் என்ற சிறப்பு போய்விடும். பக்கத்து வீட்டுக்காரர் எடு என்கிறார். நான் வாளியில் தண்ணீரை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.